வாட்டர்லூவுக்கு வெளியே: நெப்போலியன் கால வார்கேமுக்குச் சண்டை தேர்ந்தெடுப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் காலப் போர்களை மினியேச்சர் வைத்து டேபிளில் ஆடுகிறவர்களும், புதிதாக ஆட நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த விதிமுறை நல்லது என்ற விவாதத்துக்குள் போகவில்லை. எந்தச் சண்டையை ஆடலாம் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

வாட்டர்லூ, ஆஸ்டர்லிட்ஸ் எல்லாம் இருக்க, பெயரே கேள்விப்படாத சண்டையை எதற்கு ஆட வேண்டும்?

முடிவு தெரிந்த சண்டையில் தளபதியாக இருக்க முடியாது, அதனால்தான். பிற்பகலில் பிரஷ்யர்கள் வலது பக்கம் வந்து இறங்குவார்கள் என்பது வாட்டர்லூ ஆடும் எல்லோருக்கும் தெரியும். நெப்போலியனாக உட்காருபவர் முதல் சுற்றிலேயே அந்தப் பக்கம் ஆள் அனுப்பிவிடுவார். ஆஸ்டர்லிட்ஸில் பிராட்சன் மேட்டை விட்டுக் கீழே இறங்க எந்த ரஷ்ய ஆட்டக்காரரும் சம்மதிக்க மாட்டார். 1805 டிசம்பர் 2 காலையில் அவர்கள் இறங்கியதால்தான் அந்தப் போர் நெப்போலியனின் பெருவெற்றியாக முடிந்தது. அதை எடுத்துவிட்டால் டேபிளில் மிஞ்சுவது அழகான அணிவகுப்பு மட்டுமே.

இன்னொரு காரணம் அளவு. போரோடினோவில் இரு தரப்பும் சேர்ந்து சுமார் இரண்டரை லட்சம் பேர். அதை ஒரு டேபிளுக்குள் அடக்க வேண்டுமென்றால் ஒரு பேஸ் (பொம்மைகளை ஒட்டிவைக்கும் அட்டை) என்பது ஒரு பிரிகேட், அதாவது பல பட்டாலியன்கள் சேர்ந்த படை, ஆகிவிடும். குதிரைப்படை வருவதைப் பார்த்துப் பட்டாலியன் (சில நூறு காலாட்கள் கொண்ட அணி) நாலு பக்கமும் துப்பாக்கி நீட்டிச் சதுரம் கட்டுவது, கட்ட நேரம் போதாமல் சிதறுவது, இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. ஐயாயிரம் பேர் மோதிய சண்டையில் உங்கள் டேபிளில் நிற்கும் ஒவ்வொரு பட்டாலியனும் அன்று உண்மையில் அங்கே நின்ற பட்டாலியன். அதன் எண், தலைவர், சட்டைக் கழுத்தின் நிறம் வரை தேடிப் பிடித்துவிடலாம். எனக்கு இந்தக் காலத்தின் மேல் பற்று வந்ததே இந்த நெருக்கத்தால்தான்.

‘அதிகம் அறியப்படாதது’ என்பதை எப்படி முடிவு செய்வது?

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முடிவு தெரியாது என்றால் போதும். தேடிப் போனால் இவை சில இடங்களில் கூட்டமாகக் கிடைக்கும். கலாப்ரியா, 1808 பின்லாந்து, 1809 போலந்து, 1813 வட ஜெர்மனி போன்ற ஓரத்துப் போர்க்களங்கள் ஒன்று. பெரிய போருக்கு முந்தைய வாரத்து மோதல்கள் இன்னொன்று. பெரிய பெயரின் நிழலில் அதே நாளில் நடந்து மறைந்துபோனவையும் உண்டு. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ நடந்துகொண்டிருந்தபோதே, சில மைல் கிழக்கே வாவ்ரில் பிரெஞ்சு மார்ஷல் குரூஷியும் பிரஷ்யத் தளபதி தீல்மானும் டீல் ஆற்றின் பாலங்களுக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை மறுநாள் காலை வரை நீண்டது. பாலம் பிடிக்கும் சண்டை என்ற வகையில் அது அருமையான ஆட்டம். ஆனாலும் அதை ஆடியவர்கள் குறைவு.

ஒரு சண்டையைப் பற்றிப் படிக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பட்டாலியன்களை எண்ணுங்கள். மொத்தம் எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கு ஆட்டத்துக்கு உதவாது. இரண்டு பேர் ஒரு மாலைக்குள் முடிக்க வேண்டுமானால், பக்கத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பட்டாலியன், இரண்டு மூன்று குதிரைப்படை ரெஜிமென்ட், இரண்டு மூன்று பீரங்கி அணிகள் சரியான அளவு. அதற்கு மேல் போனால் பாதியில் எழுந்து சாப்பிடப் போக வேண்டியிருக்கும்.

அடுத்து, அன்று காலை இரண்டு தளபதிகளுக்கும் முன்னால் உண்மையான ஒரு முடிவு இருந்ததா என்று பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஒருவர் தாக்குவதும் மற்றவர் நின்று வாங்கிக்கொள்வதும்தான் சண்டை என்றால், தற்காப்பில் இருப்பவருக்கு டைஸ் உருட்டுவதைத் தவிர வேலை இருக்காது. நிற்பதா, பின்வாங்குவதா? பின்வாங்கினால் எப்போது? இருப்புப் படையை எந்தக் கிராமத்துக்கு அனுப்புவது? இப்படி இரு பக்கமும் திணறும் சண்டையாகத் தேடுங்கள்.

நேரமும் நெருக்க வேண்டும். இருட்டப் போகிறது, உதவிப்படை வருகிறது, பாலம் உடையப் போகிறது என்று ஏதாவது ஒன்று இருந்தால் ஆட்டம் தானாகவே சூடு பிடிக்கும்.

முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு சண்டை சொல்லுங்கள்.

மாய்டா. 1806 ஜூலை 4, இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா. சிசிலியிலிருந்து கப்பலில் வந்து கடற்கரையில் இறங்கிய சர் ஜான் ஸ்டூவர்ட்டின் பிரிட்டிஷ் படையில் சுமார் 5,200 பேர். எதிரே ரெய்னியேயின் பிரெஞ்சுப் படை, அதே அளவோ சற்றுக் கூடுதலோ. இரு பக்கமும் எட்டு ஒன்பது பட்டாலியன்கள்தான். வெயில் காயும் சமவெளி, ஓரத்தில் ஆறு, ஆற்றங்கரையில் புதர்.

ரெய்னியே மலைச்சரிவில் வலுவான இடத்தில் இருந்தார். அங்கேயே காத்திருந்திருக்கலாம். ஆனால் இறங்கி வந்து சமவெளியில் மோதினார். உங்கள் சினாரியோவில் (ஆட்டத்துக்காக எழுதும் போர்க்கள அமைப்பில்) அந்த முடிவை பிரெஞ்சு ஆட்டக்காரரிடமே விட்டுவிடுங்கள். மேட்டில் நின்றால் ஸ்டூவர்ட் ஏறி வர வேண்டும், ஆனால் எதிரியைக் கடலில் தள்ளும் வாய்ப்பு கைநழுவும். இறங்கினால் பிரெஞ்சுக்காரரிடம் நல்ல குதிரைப்படை உண்டு, பிரிட்டிஷாரிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

முதல் மோதல் பிரிட்டிஷ் வலது ஓரத்தில். கெம்ப்டின் இலகு காலாட்படை பட்டாலியனும் பிரெஞ்சு 1ஆம் இலகு ரெஜிமென்ட்டும் நேருக்கு நேர் நடந்து வந்தன. மோதலுக்குச் சற்று முன் கெம்ப்ட் தன் ஆட்களைச் சுமந்து வந்த போர்வைகளைக் கழற்றிப் போடச் சொன்னார். அந்த அசைவைப் பார்த்து ஓடப்போகிறார்கள் என்று நினைத்த பிரெஞ்சுக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். கிட்டத்தில் வந்ததும் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் வெடித்தன. 1ஆம் இலகு ரெஜிமென்ட் கலைந்தது. பிரிகேட் தலைவர் கோம்பேர் காயப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார்.

நடுவில் இன்னொரு குழப்பம். பிரெஞ்சுப் பக்கம் நின்ற சுவிஸ் பட்டாலியன் சிவப்புச் சட்டை போட்டிருந்தது. பிரிட்டிஷ் படையிலும் வாட்வில் என்ற சுவிஸ் ரெஜிமென்ட் இருந்ததால், 78ஆம் ஹைலேண்டர்கள் எதிரே வருவது தங்கள் ஆட்கள் என்று நினைத்துச் சுடாமல் தயங்கினார்கள். இதற்கு ஒரு சின்ன விதி போதும்: சுவிஸ் மேல் முதல் முறை சுடும் முன் 78ஆம் பட்டாலியன் டைஸ் உருட்டி நாலுக்கு மேல் எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியிலேயே டேபிளில் அந்தத் தயக்கம் வந்துவிடும்.

பிறகு ராஸ் தலைமையிலான 20ஆம் ரெஜிமென்ட். அன்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கி, சண்டைச் சத்தம் கேட்ட பக்கம் ஓடி வந்து, பிரிட்டிஷ் இடது ஓரத்தில் புதர்களுக்குள்ளிருந்து பிரெஞ்சு விலாவில் சுட்டது. அது எந்தச் சுற்றில் வரும் என்பதை டைஸே சொல்லட்டும். பிரெஞ்சுக்காரருக்கு அது வரப்போவதையே சொல்லாதீர்கள்.

லண்டனில் மெய்டா வேல் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் இந்தச் சண்டையிலிருந்து வந்ததுதான். ஊர்ப் பெயராக நிலைத்தும் சண்டையை மறந்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நெடுவரிசையில் வந்ததால்தான் மாய்டாவில் தோற்றார்கள் என்று படித்தேனே?

அப்படித்தான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். ஒடுங்கிய நெடுவரிசையில் முன்னால் இருப்பவர்கள் மட்டுமே சுட முடியும், அகலவரிசையில் எல்லோரும் சுடலாம் என்ற பாடத்துக்கு மாய்டாதான் முதல் உதாரணம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் நேரில் கண்டவர்களின் குறிப்புகளை மறுபடி படித்து, 1ஆம் இலகு ரெஜிமென்ட்டும் அகலவரிசையில்தான் வந்தது என்று வாதிட்டார்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. இரண்டு மாதிரியும் ஆடிப் பாருங்கள். உங்கள் விதிமுறை நெடுவரிசையை எவ்வளவு தண்டிக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் ஆள்பலம் இரண்டு மடங்கு என்றால் ஆட்டம் எப்படிச் சமமாகும்?

களத்தில் சமமாக வேண்டியதில்லை. வெற்றிக்கான நிபந்தனையில் சமன்செய்தால் போதும். இதற்கு என் முதல் தேர்வு ராஷின்.

1809 ஏப்ரல் 19. வார்ஷாவுக்குத் தெற்கே. ஆஸ்திரிய ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்ட் சுமார் 30,000 பேரோடு வருகிறார். நெப்போலியனின் முக்கியப் படை தொலைவில், பவேரியாவில். வார்ஷாவைக் காக்க இளவரசர் யூசெஃப் பொனியதோவ்ஸ்கியிடம் போலந்துக்காரர்களும் சிறு சாக்சன் அணியும் சேர்த்து பதினாலாயிரத்துக்குள்தான். ஆனால் முன்னால் சதுப்பு நிலம். அதைக் கடக்க சில கரைப்பாதைகள் மட்டுமே. எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் கரைப்பாதையின் அகலத்துக்குத்தான் ஆஸ்திரியர்களால் வர முடியும்.

பொனியதோவ்ஸ்கி செய்த ஒரு காரியம்தான் ஆட்டத்துக்கு உயிர். சதுப்புக்கு முன்னாலேயே ஃபாலென்டி கிராமத்திலும் அதை ஒட்டிய மரத்தோப்பிலும் ஒரு முன்னணிப் படையை நிறுத்தினார். கிராமம் கைமாறியது. தளபதியே முன்னால் நின்று ஒரு பட்டாலியனைப் பயனெட்டோடு எதிர்த்தாக்குதலுக்கு நடத்திச் சென்றார். கவிஞரும் 8ஆம் ரெஜிமென்ட் கர்னலுமான சிப்ரியான் கொதெப்ஸ்கி அங்கே விழுந்தார். பிற்பகலில் தொடங்கிய சண்டை இருட்டோடு முடிந்தது. போலந்துப் படை ஒழுங்கு குலையாமல் இரவில் வார்ஷாவுக்குப் பின்வாங்கியது.

ஆகவே போலந்து ஆட்டக்காரரிடம் ‘களத்தைப் பிடித்துவை’ என்று சொல்லாதீர்கள். இருட்டும்போது ராஷின் கிராமம் கையில் இருந்து, மூன்றில் இரண்டு பங்கு பட்டாலியன்கள் சிதறாமல் இருந்தால் அவருக்கு வெற்றி. ஃபாலென்டியை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது, முன்னணிப் படையை எப்போது கரைப்பாதை வழியாகத் திரும்ப அழைப்பது என்பதிலேயே முழு ஆட்டமும் இருக்கிறது. சீக்கிரம் அழைத்தால் ஆஸ்திரியர்களுக்கு நேரம் கிடைக்கும். தாமதித்தால் பாதையில் நெரிசல், எதிரி கூடவே உள்ளே வருவான். பொனியதோவ்ஸ்கி சில நாளில் வார்ஷாவைக் கொடுத்துவிட்டு, படையைக் காப்பாற்றிக்கொண்டு போய், அந்தக் கோடையிலேயே ஆஸ்திரியாவிடம் இருந்த கலீசியாவில் லுப்லினையும் சாமோஷ்சையும் பிடித்தார். நகரத்தை விடப் படை பெரிது என்று அவர் கணக்குப் போட்டிருந்ததால், இந்த வெற்றி நிபந்தனை அவரது கணக்கோடு ஒத்துப்போகிறது.

இரண்டு பேருமே இருட்டில் துழாவுவது போன்ற சண்டை உண்டா?

மின்சியோ, 1814 பிப்ரவரி 8. இந்தக் காலத்துச் சண்டைகளில் சினாரியோ எழுதவே பிறந்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

வட இத்தாலியில் மின்சியோ ஆறு. மேற்கே நெப்போலியனின் வளர்ப்பு மகன் யூஜீன் தெ பொஅர்னே. கிழக்கே ஆஸ்திரிய ஃபீல்ட் மார்ஷல் பெல்கார்ட். நேப்பிள்ஸ் மன்னர் மூரா பக்கம் மாறிவிட்டதால் யூஜீன் பின்வாங்கத்தான் போகிறார் என்று பெல்கார்ட் நினைத்தார். துரத்திப் பிடிக்க ஆற்றைக் கடந்து மேற்கே ஆள் அனுப்பினார். யூஜீன் பின்வாங்கவில்லை. அதே காலையில் அவரும் பெல்கார்ட்டைத் தாக்க மாந்துவா, கோய்தோ பக்கமிருந்து ஆற்றைக் கடந்து கிழக்கே போனார். இரண்டு படைகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆற்றின் வெவ்வேறு இடங்களில், எதிர்த் திசைகளில் கடந்துகொண்டிருந்தன.

விளைவு, ஒரு படை இரண்டு சண்டை. கிழக்குக் கரையில் போட்சோலோ அருகே யூஜீன் ஆஸ்திரிய இருப்புப் படையோடு மோதினார். மேற்குக் கரையில் மொன்சாம்பானோ பக்கம் வெர்தியேயின் டிவிஷன், ஆற்றைக் கடந்து வந்துவிட்ட ஆஸ்திரியர்களைத் தனியாகத் தடுத்து நின்றது. ஒரு பாலத்தை இழந்தால் படையின் பாதி மறுகரையில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பயம் இருவருக்கும் உண்டு.

ஆடும் முறை இது. இருவரும் காலை உத்தரவுகளைத் தனித்தனியாகத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எந்த டிவிஷன் எந்தப் பாலத்தில், எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கட்டும். டேபிளில் பொம்மைகளை வைக்கவே கூடாது. எதிரி கண்ணில் பட்ட பிறகு நடுவர்தான் வைப்பார். எழுதிய உத்தரவை மாற்ற வேண்டுமானால் தளபதி அங்கே போக வேண்டும், அல்லது குதிரையில் ஆள் அனுப்பிச் சில சுற்றுகள் காத்திருக்க வேண்டும். மாலையில் இரு படைகளும் தத்தம் கரைக்குத் திரும்பியதுதான் வரலாறு. உங்கள் டேபிளில் அப்படித்தான் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு பேர் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு கரைக்கு ஒருவர். ஒரே பக்கத்து இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது, சீட்டு மட்டும் அனுப்பலாம்.

28 மி.மீ. உயரப் பொம்மைகளால் மின்சியோவை ஆட முடியுமா?

முழுதாக முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 பேர் கொண்ட பட்டாலியன் மூன்று வரிசையாக நின்றால் சுமார் 110 மீட்டர் அகலம். 28 மி.மீ.யில் 24 பொம்மைகளை இரண்டு வரிசையாக வைத்தால் சுமார் 24 செ.மீ. ஆக 1 செ.மீ.க்கு நாலரை மீட்டர், ஆறடி டேபிளின் மொத்த நீளமே 800 சொச்சம் மீட்டர். அதே பட்டாலியன் 6 மி.மீ.யில் 3 செ.மீ. பேஸ் என்றால் ஆறடிக்குள் ஆறரை கிலோமீட்டர் வந்துவிடும். 15 மி.மீ. இரண்டுக்கும் நடுவே. ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் அடங்கும், மாய்டாவுக்குப் போதும்.

அதனால் பொம்மை அளவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு சண்டை தேடுங்கள். 28 மி.மீ. வைத்திருப்பவர்கள் மின்சியோவில் போட்சோலோ மோதலை மட்டும் வெட்டி எடுத்து ஆடலாம். வெட்டும்போது ஆறோ காடோ எல்லையாக அமையும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். திறந்த வெளியில் வெட்டினால் ஆட்டக்காரர்கள் டேபிள் விளிம்பையே கோட்டைச் சுவர் மாதிரி பயன்படுத்தத் தொடங்குவார்கள்.

படை விவரமும் நிலப்படமும் எங்கே கிடைக்கும்? நம்பலாமா?

அமெரிக்கத் தரைப்படையின் ஃபோர்ட் லெவன்வொர்த் நூலகம் ஆயிரக்கணக்கான படைப் பட்டியல்களை இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. சின்னச் சண்டைகளுக்கும் அதில் பட்டியல் இருக்கும். நிலத்துக்கு, ஹாப்ஸ்பர்க் அரசு 1806இல் தொடங்கி எடுத்த இரண்டாம் ராணுவ நில அளவைப் படங்கள் இணையத்தில் உள்ளன. ஆஸ்திரியா, ஹங்கேரி, வட இத்தாலிக்கு அவற்றை விடச் சிறந்தது கிடையாது. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இருக்கும் நெடுஞ்சாலையும் வாய்க்காலும் உங்களை ஏமாற்றும். ஆறுகூடப் பல இடங்களில் நேராக்கப்பட்டிருக்கிறது.

நம்பிக்கை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் உள்ள எண்ணிக்கை பெரும்பாலும் சண்டைக்குப் பல நாள் முந்தைய கணக்கு. நடந்து நடந்து நோயில் விழுந்தவர்கள், பின்தங்கியவர்கள், கோட்டைக் காவலுக்கு விட்டுவந்தவர்கள் அதில் கழிந்திருக்க மாட்டார்கள். வென்றவர் எதிரியைப் பெரிதாக்கி எழுதுவார், தோற்றவரும் அப்படியே. இரு தரப்பு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஸ்பானியப் படையை எடுத்தால் எப்போதும் தோற்கத்தானே வேண்டும்?

இல்லவே இல்லை. இந்த எண்ணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை மட்டும் படிப்பதால் வருவது. 1809 மே 23 அல்கான்யீஸில் பிளேக்கின் ஸ்பானியப் படை மேட்டில் நின்று பீரங்கிகளாலேயே பிரெஞ்சுத் தளபதி சுஷேயின் நெடுவரிசையை நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 18 தமாமெஸில், பிரெஞ்சு மார்ஷல் நே விடுப்பில் இருந்தபோது அவரது 6ஆம் கோர்ப்ஸை நடத்திய மர்ஷான், தெல் பார்க்கேயின் ஸ்பானியர்களிடம் அடி வாங்கிப் பின்வாங்கினார். 1813 ஆகஸ்ட் 31 சான் மர்சியாலில் பிரெஞ்சு மார்ஷல் சூல்ட்டின் தாக்குதலை ஃபிரெய்ரேயின் ஸ்பானியர்கள் தாங்களே முறியடித்தார்கள்.

தமாமெஸ் அருமையான டேபிள். ஸ்பானியர்கள் முகட்டில். காலாட்படை பரவாயில்லை, குதிரைப்படை பலவீனம். பிரெஞ்சுக்காரர் தன்னம்பிக்கையோடு ஏறி வருகிறார். ஸ்பானியர்களுக்கு மோசமான மன உறுதி மதிப்பெண் கொடுக்கும் விதிமுறைகளை அப்படியே ஏற்காதீர்கள். மேட்டில் நின்று தற்காக்கும்போது அவர்களால் நிற்க முடிந்தது. சமவெளியில் குதிரைப்படைக்கு முன்னால்தான் உடைந்தார்கள், மெதெயினிலும் ஒகான்யாவிலும் நடந்தது அதுதான். அந்த வேறுபாட்டை விதியில் கொண்டுவந்தால் ஸ்பானியப் படையை ஆட வரிசையில் நிற்பார்கள்.

குதிரைப்படை மட்டும் மோதும் சின்ன ஆட்டம்?

சஹாகூன், 1808 டிசம்பர் 21. விடியும் முன், பனியில், பிரிட்டிஷ் தளபதி பாஜெட்டின் 15ஆம் ஹுஸார்கள் (இலகு குதிரைப்படை) இரண்டு பிரெஞ்சு ரெஜிமென்ட்டுகள் மேல் பாய்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று எதிர்கொண்டார்கள், குதிரை நகராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஊருக்குள் சென்ற இன்னொரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம்.

குதிரையும் சதுரமும் வேண்டுமென்றால் கார்சியா எர்னாந்தெஸ், 1812 ஜூலை 23. சலமாங்காவுக்கு மறுநாள். பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மன் லீஜனின் டிராகூன் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரத்தை உடைத்த அபூர்வச் சம்பவம். அடிபட்ட ஒரு குதிரை சதுரத்தின் மேலேயே விழுந்து வழி திறந்தது என்று குறிப்புகள் சொல்கின்றன.

மழை, சேறு, பனி இதெல்லாம் ஆட்டத்தை மந்தமாக்காதா?

பொதுவான விதியாக வைத்தால் மந்தமாகும். அந்தச் சண்டைக்கு மட்டும் ஒரு விதி எழுதினால் அதுவே சுவை. 1806 டிசம்பர் 26 கோலிமினில் போலந்துச் சேற்றில் பிரெஞ்சுப் பீரங்கிகள் வந்து சேரவே இல்லை. எண்ணிக்கையில் பாதிகூட இல்லாத கோலித்சினின் ரஷ்யர்கள் பீரங்கிகளோடு இருட்டும் வரை தாக்குப்பிடித்துத் தப்பினார்கள். மூன்று பிரெஞ்சு மார்ஷல்கள், பீரங்கி இல்லை என்று சொன்னாலே ஆட்டக்காரர் நிமிர்ந்து உட்காருவார். 1813 ஆகஸ்ட் 27 ஹாகல்பெர்கில் மழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. பிரஷ்ய லாண்ட்வேர் குடிப்படை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தே பிரெஞ்சுத் தளபதி ஜிராரின் டிவிஷனைச் சிதறடித்தது. அங்கே சுடும் டைஸில் பாதியை எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் மாற்ற வேண்டாம்.

ஒரு பொம்மை ஒரு வீரர் என்ற கணக்கில் சின்ன மோதல் ஆடலாமா?

தாராளமாக. 1811 அக்டோபர் 28 ஸ்பெயினின் அரோயோ தொஸ் மொலினோஸ் கிராமத்தில் ஹில்லின் படை மோசமான வானிலையின் மறைவில் வந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களைத் தெருவிலேயே பிடித்தது. அங்கே மாட்டியதும் மேலே சொன்ன அதே ஜிரார்தான். ஒரு தெரு, முப்பது நாற்பது பொம்மைகள், மூட்டை கட்டிய கழுதைகள் போதும்.

1813 செப்டம்பர் 16, வட ஜெர்மனியின் கோர்டேயும் இதற்கு ஏற்றது. பிரிட்டிஷ் காங்கிரீவ் ராக்கெட்டுகள் அங்கே பறந்தன. ஆண் வேடத்தில் லுட்சோ தன்னார்வப் படையில் சேர்ந்திருந்த எலெயோனோரே ப்ரோஹாஸ்கா அங்கேதான் படுகாயமடைந்து, அக்டோபர் 5 அன்று இறந்தார்.

எந்தப் படையை முதலில் வாங்குவது?

1807க்கும் 1812க்கும் இடைப்பட்ட பிரெஞ்சுக் காலாட்படை. 1805க்கு இருமுனைத் தொப்பி வேண்டும், 1812க்குப் பிறகு சட்டை வெட்டு மாறுகிறது. நடுவில் உள்ள ஷாகோ (உயரமான உருளைத் தொப்பி) காலம்தான் அதிகம் பயன்படும். எதிரியாக ஆஸ்திரியர்களை எடுத்தால் 1809இல் ஹெல்மெட்டும் ஷாகோவும் கலந்தே இருந்ததால் எதை வாங்கினாலும் தவறில்லை. வெளிநாட்டிலிருந்து ஈயப் பொம்மை வரவழைக்கத் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை என்றால், தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டும் படையே போதும். ராஷின் கரைப்பாதையில் நெரிசல் காகிதப் படைக்கும் அதே நெரிசல்தான்.

எதைத் தவிர்க்கலாம்?

முற்றுகைகள். தொடங்கும்போதே முடிந்துவிட்ட சண்டைகள். 1806 அக்டோபர் 10 சால்ஃபெல்டில் பிரஷ்ய இளவரசர் லூயி ஃபெர்டினாண்ட் இறந்த கதை உருக்கமானதுதான், ஆனால் பிரஷ்ய ஆட்டக்காரருக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

இந்தியாவில் நடந்ததை இந்தக் காலத்தில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும் என்பேன். 1803 செப்டம்பர் 23 அசாயி. பின்னாளில் வெலிங்டன் ஆன ஆர்தர் வெல்லஸ்லி, மராட்டிய மன்னர் சிந்தியாவின் ஐரோப்பியப் பயிற்சி பெற்ற காலாட்படையையும் நூறு சொச்சம் பீரங்கிகளையும் சந்தித்தார். அந்தக் காலாட்படையை நடத்தியவர் போல்மான் என்ற ஹனோவர்க்காரர். வெல்லஸ்லியிடம் இரண்டு ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட் தவிர மற்றக் காலாட்படை எல்லாம் மதராஸ் சிப்பாய் பட்டாலியன்கள். தமிழரும் தெலுங்கரும் நிறைந்த அந்தப் பட்டாலியன்களைப் பெயின்ட் செய்யும்போது எனக்குத் தனி அக்கறை வந்துவிடும்.

ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே கிராமங்கள் இருந்ததைப் பார்த்து, நடுவில் ஆற்றை நடந்து கடக்கும் கடவு இருந்தே ஆக வேண்டும் என்று வெல்லஸ்லி கணித்தார். வழிகாட்டிகள் கடவு இல்லை என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் இருந்தது. மராட்டியப் படை உடனே முகம் திருப்பி நின்ற விதம் அவர் எதிர்பார்க்காதது. பிரிட்டிஷ் தரப்பில் இழப்பு 1,584 பேர். 74ஆம் ரெஜிமென்ட் அசாயி கிராமத்தின் பீரங்கிகளுக்கு முன் வழிதவறிப் போய்ச் சிதைந்தது. மராட்டியருக்குத் தாழ்ந்த மதிப்பெண் கொடுத்து ஆடினால் இந்தச் சண்டை வராது.

தொடராக ஆட ஏதாவது யோசனை?

ஒரே தளபதியைப் பின்தொடருங்கள். பிரெஞ்சுத் தளபதி துப்போனை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று ஆட்டம், ஒரே ஆட்டக்காரர்.

முதலில் 1805 அக்டோபர் 11, உல்ம் அருகே ஹாஸ்லாக். ஐயாறாயிரம் பேரோடு தனியாக மாட்டிய துப்போன், தனக்குப் பின்னால் பெரிய படை வருவது போல் காட்டி, நாலு மடங்கு ஆஸ்திரியர்களைத் தாக்கினார். யுங்கிங்கன் கிராமம் பலமுறை கைமாறியது. ஆஸ்திரிய ஆட்டக்காரருக்கு எதிரியின் எண்ணிக்கையைச் சொல்லாமல் ஆட வேண்டும்.

சரியாக ஒரு மாதம் கழித்து நவம்பர் 11, டூர்ன்ஸ்டைன். டானூப் ஆற்றுக்கும் திராட்சைத் தோட்டச் சரிவுக்கும் நடுவே குறுகிய பாதையில் பிரெஞ்சு மார்ஷல் மோர்தியேயும் கஸானின் டிவிஷனும் ரஷ்யத் தளபதி குதுஸோவின் படைக்குள் சிக்கியிருக்கிறார்கள். மலை சுற்றி வந்த ரஷ்ய-ஆஸ்திரிய நேசப் படை நினைத்ததை விட வெகுநேரம் எடுத்தது, அதன் திட்டத்தை வகுத்த ஆஸ்திரியர் ஷ்மிட் இறந்தார். மாலையில் துப்போன் வந்து சேர்கிறார். அவரது ஆட்டக்காரர் அதுவரை அடுத்த அறையில் காத்திருக்கட்டும்.

மூன்றாவது 1808 ஜூலை 19, ஸ்பெயினின் பைலென். கொளுத்தும் வெயில், தண்ணீர் இல்லை, நீண்ட வண்டிவரிசை. துப்போன் படையைத் துண்டு துண்டாக ரெடிங்கின் ஸ்பானியர்கள் மேல் வீசுகிறார். உதவிக்கு வர வேண்டிய வெதேலின் டிவிஷன், போர்நிறுத்தம் பேசத் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தது. சரணடைந்தவர்கள் பதினேழாயிரத்துக்கும் மேல். உங்கள் டேபிளில் வெதேல் எப்போது வருவார் என்பதற்கு ஆறாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் ஒரு டைஸ், ஆறு விழுந்தால் வருகிறார். அதற்கு முன் பேச்சுவார்த்தைக்குக் கொடி தூக்குவதா வேண்டாமா என்பது துப்போன் ஆட்டக்காரரின் முடிவு.